ஒற்றைத் தும்மல்

தும்முவதற்கு முன்னால் செவ்வந்தியக்கா கடிகாரத்தைப் பார்ப்பார். காலை ஒன்பதரை. வாசலில் அவர் கணவர் கதிரேசன் டிவிஎஸ்ஸின் பின்னால் காலிச் சாக்கை வைத்துக் கட்டிக்கொண்டிருப்பார். கயிற்றின் கடைசி முடிச்சு விழுந்து மோட்டார் கிளம்புகிற நேரமாகப் பார்த்து அக்கா புழக்கடை அறையின் கதவைத் திறந்து, ஆணியில் தொங்கும் பழைய முழுக்கைச் சட்டையின் கைமடிப்பை மூக்கருகே பிடித்து ஒரு உதறு உதறுவார். அவ்வளவுதான். அடுக்களைப் பாத்திரம் அதிரும்படி ஒரு தும்மல். வாசலில் மோட்டார் அணையும்.

"ஒண்ணுதானா புள்ள?"

"ஒண்ணுதானுங் மாமா. சித்த உக்காந்து தண்ணி குடிச்சுப்போட்டுப் போங்க."

கதிரேசன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்காருவார். தண்ணீர்ச் சொம்பு வரும். கூடவே ஒரு தட்டு நிறையச் சின்ன வெங்காயமும் வரும். "உக்காந்திருக்கறப்ப கை சும்மாதானுங்க இருக்குது" என்பார் அக்கா. உரித்து முடித்ததும் கெட்ட சகுனம் கழிந்துவிடும்.

கிளம்பும்போது ஒற்றைத் தும்மல் ஆகாது, ரெட்டைத் தும்மல் நல்லது. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் இதை நம்புகிறார்கள். மீதிப் பேர் நம்பாதவர்கள்போல் முகத்தை வைத்துக்கொண்டு, செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். கதிரேசன் முதல் பாதியைச் சேர்ந்தவர். அதில் ஒளிவுமறைவே கிடையாது.

கணபதி என்கிற பகுதியில், லேத்துப் பட்டறைகளுக்கு நடுவே இருக்கிறது இவர்கள் வீடு. மாடியில் நான் குடியிருக்கிறேன். நெடுநாள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்ததில் ஓரிடத்தில் உட்காரும் பழக்கம் போய்விட்டது. பாதிப் பொழுது கீழேதான் இருப்பேன். அக்காவின் வேலையைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு அலுத்ததே இல்லை.

வேலை இதுதான். ஃபவுண்டரிகளில் உருகிய இரும்பின் சூட்டை அளக்க, நீளக் கம்பியின் நுனியில் ஓர் அட்டைக் குழலைச் செருகி இரும்புக் குழம்புக்குள் விடுவார்கள். ஒரே ஒரு முக்கு. குழல் கருகிவிடும். அதற்குள் தலைமுடியைவிட மெல்லிய பிளாட்டினக் கம்பி ஒன்று இருக்கும். குப்பைக்குப் போகும் கருகிய நுனிகளை ஃபவுண்டரி ஃபவுண்டரியாகப் போய்ச் சாக்கில் அள்ளிவருவது கதிரேசனின் பாடு. அதிலிருந்து பிளாட்டினத்தைப் பிரித்தெடுப்பது அக்காவின் பாடு. நகைப்பட்டறை ஒன்றில் தங்கம் சுத்தம் செய்யும் பிரிவில் இருந்தபோது கற்றுக்கொண்டதாம்.

புழக்கடை அறையின் வாசலில் சென்னிமலைப் போர்வையை இரண்டாக வெட்டித் திரையாகத் தொங்கவிட்டிருப்பார். உள்ளே போகும்போது சேலைக்கு மேல் கதிரேசனின் அந்தப் பழைய சட்டையை மாட்டிக்கொள்வார். முதலில் வேலைக்கு அழைப்பது ராஜதிராவகம் என்கிற அமிலக் கலவையை. தங்கம் அதில் சட்டென்று கரைந்துவிடும். பிளாட்டினம் பிகுபண்ணும். "சம்பந்தி ஊட்டுக்காரங்களாட்டமுங்க. சூடு காட்டிக் காட்டிக் கெஞ்சோணும்" என்பார். கரைய ஆரம்பித்ததும் பீக்கரில் முதலில் வெளிர் மஞ்சள் தெரியும். அப்புறம் ஆரஞ்சு. வற்ற வற்ற வெல்லப்பாகின் சிவப்பு. புட்டியின்மேல் அதன் நீளமான பெயர் ஒட்டியிருக்கிறது. அதை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. "குளோரைடு" என்றாலே போதும்.

குளோரைடுக்கு எத்தனையோ குணங்கள். முழுக்க வற்றவைத்துக் கட்டியாக்கினால் திறந்து வைக்க முடியாது. காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துக்கொண்டு தானாகவே இளகிவிடும். "மழைக்காலத்து அச்சுவெல்லமாட்டம்." விரலில் பட்டால் பழுப்புக் கறை ஏறும். எத்தனை தேய்த்தாலும் போகாது. ஒரு கல்யாணத்தில் யாரோ "மருதாணி நல்லாச் செவக்கலீங்களே" என்று கேட்டதற்கு, "இது பிளாட்டின மருதாணிங்க. பெரிய எடத்துல மட்டுந்தான் கெடைக்கும்" என்று சொல்லிவிட்டு அக்கா பந்திக்குப் போய்விட்டார். கேட்டவர் பந்தி முடிகிறவரை அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

எனக்குப் பிடித்தது அடுத்த காட்சி. ஆரஞ்சுக் கரைசலில் நவச்சாரம் கரைத்த தண்ணீரை ஊற்றுவார். பளிச்சென்று மஞ்சள் பிறக்கும். மஞ்சள்பொடியைத் தண்ணீரில் தூவியதுபோல் மெல்லச் சுழன்று சுழன்று அடியில் படியும். அந்த நேரத்தில் அக்கா யார் கூப்பிட்டாலும் பேச மாட்டார். வடிகட்டிக் காயவைத்துச் சுட்டால் மஞ்சளெல்லாம் புகையாகப் போய், சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல் பிளாட்டினம் மட்டும் மிஞ்சும்.

கரைசலாகவும் கொஞ்சம் எடுத்துவைப்பார். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் கழிவுநீரின் உப்பை அளக்கிற கருவி இருக்கிறது. அதன் கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு சின்னத் தகடுகள் உண்டு. குளோரைடில் முக்கி மின்சாரம் விட்டு அவற்றின்மேல் கரும்பூச்சு ஏற்றினால்தான் கருவி உண்மை பேசும். பூச்சு உரிந்த குழல்கள் அக்காவிடம் வரும். "பொட்டப்புள்ளைக்கு மை வெச்சு அனுப்பறாப்லதானுங்க" என்று ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்.

"இது எங்கெங்க போகுதுன்னு நெனச்சீங்கம்மணி? பால்புட்டி ரப்பரு இறுகறதுக்கு இது ஒரு சொட்டு வேணும். புத்துநோய்க்கு ஊசில ஏத்தறாங்களே, அந்த மருந்துக்கும் ஆரம்பம் இந்தச் செவப்புத்தான். பொறக்கறப்பவும் இதுதான், போற உசுர இழுத்துப் புடிக்கறப்பவும் இதுதான்."

"தும்முறதுக்கும் இதுதானே அக்கா" என்றேன் ஒருநாள்.

அக்கா திரும்பி வாசலைப் பார்த்தார். கதிரேசன் இல்லை. "மெதுவாச் சொல்லு கண்ணு" என்றார்.

தும்மல் இரண்டு வருடத்துக்கு முன்னால் தொடங்கியதாம். முதலில் பழி, காலி மனையில் மண்டிக்கிடந்த பார்த்தீனியச் செடிமேல் விழுந்தது. செடியை வெட்டியும் தும்மல் நிற்கவில்லை. பிறகு பழி பக்கத்து வீட்டுப் பூவாத்தாள் மிளகாய் வறுப்பதன்மேல் விழுந்தது. பூவாத்தாள் மகள் வீட்டுக்குப் போயிருந்த வாரத்திலும் தும்மல் வந்தது. கடைசியில் அக்காவே கண்டுபிடித்துவிட்டார். மஞ்சள் பொடி பறக்கிற நாளில்தான் மூக்கு அரிக்கிறது. சட்டைக் கைமடிப்பில் ஒட்டிய பொடியை உதறினாலும் போதும்.

"பிளாட்டினம் மேல குத்தமில்லீங்க. மோதிரமாப் போட்டா அது பாட்டுக்குக் கெடக்கும். குளோரினோட சேந்துச்சுன்னாத்தான் இந்தச் சண்டித்தனம். எங்கூட்டுக்காரரும் அப்படித்தான். தனியா இருந்தாத் தங்கம். பாலகோபாலோட சேந்தாருன்னா முடிஞ்சுது."

பாலகோபால் அடுத்த தெருவில் கிரைண்டர் ஏஜென்சி வைத்திருப்பவர். கதிரேசனின் சீட்டாட்டக் கூட்டாளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒரு கூட்டத்தோடு ஆனைகட்டிப் பக்கம் சீட்டாடக் கிளம்பும்போது அக்காவுக்குத் தற்செயலாக ஒரு தும்மல் வந்தது. கதிரேசன் பின்தங்கினார். அன்றைக்குப் போனவர்களின் வேன் பள்ளத்தில் இறங்கி, எல்லோரும் பொழுது சாயும்வரை சேற்றில் நின்று தள்ளினார்கள். அதிலிருந்து மனைவியின் மூக்குக்குக் கதிரேசன் கொடுக்கும் மரியாதையை வேறு எதற்கும் கொடுப்பதில்லை. அக்காவும் வந்த மரியாதையை விடவில்லை. சீட்டாட்டத்துக்கு ஒற்றை. நாத்தனார் முத்தாத்தாள் வீட்டு விசேஷத்துக்கு ரெட்டை. கதிரேசன் மட்டும் சந்தோஷமாகப் போய்வருவார், அக்கா நிம்மதியாக மஞ்சள் வடிப்பார்.

"பொய்யில்லையா அக்கா?" என்று கேட்டேன்.

"பொய்யா? ஒரு பொய்த் தும்மல் தும்மியிருப்பனா நானு? அத்தனையும் நெசத் தும்மலுங். வர்ற நேரத்தை மட்டும் நான் பாத்துக்கறன்." பிறகு தொழில் ரகசியத்தையும் சொன்னார். "ஒண்ணை வரவெக்கறது சுளுவு கண்ணு. ரெண்டாவதை நிறுத்தறதுதான் வித்தை. அது வந்தே தீருவன்னு நிக்கும். மூக்கை நெருக்கிப் புடிச்சு, நாக்கை அண்ணத்துல ஒட்டி, மூச்சு உடாம நிக்கோணும். கண்ணுல தண்ணி வந்துபோகும்."

வேடிக்கையாகத்தான் இருந்தது. துணி காயப்போட மாடிக்கு ஏறும்போது அக்கா பாதிப் படியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வதை நான் பார்க்கிறவரை.

ஒரு நாள் காலையில் கதிரேசன் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அக்கா வழக்கம்போல் உதறினார். ஒன்று வந்தது. இரண்டு வந்தது. நிற்கவில்லை. கதிரேசன் வாசலில் நின்று விரல் விட்டு எண்ணினார். ஒரு கை தீர்ந்து மறு கைக்குப் போனதும் குழம்பிப்போய், பஞ்சாங்கம் தெரிந்த அழகிரிசாமிக்குப் போன் போட்டார்.

"ஏனுங்ணா, எட்டுத் தும்மலுக்கு என்னுங்க பலன்? ... இருங்க, ஒம்போதாயிருச்சு. ... என்னது, ரெண்டுக்கு மேல பஞ்சாங்கத்துலயே இல்லீங்களா?"

நான் இறங்கி வந்தபோது அக்கா அறை வாசலில் சரிந்து உட்கார்ந்திருந்தார். மூச்சு விசில்போல் வந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. சகுனம் பார்க்க நேரமில்லை. ஆட்டோவில் ஏற்றி ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்கக் கதிரேசன் மனைவியின் கையைப் பிடித்தபடி, "ஒண்ணுமில்ல புள்ள, ஒண்ணுமில்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார்.

மூச்சு சரியான பிறகு டாக்டர் நந்திதா விசாரித்தார். "தும்மல் எப்ப வருது?"

"நான் காலைல கெளம்பறப்பத்தானுங்க" என்றார் கதிரேசன்.

"வெளியூர் போனா?"

"சென்னிமலைக்கு அவங்கம்மா ஊட்டுக்குப் போனா ஒரு தும்மல் வராதுங்க."

"நீங்களும் கூடப் போவீங்களா?"

"இல்லீங்க. நான் இங்கதான் இருப்பன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். "அப்ப உங்களுக்கு இவர்தான் ஒத்துக்கலை போலிருக்கே."

அக்காவுக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தது. பிறகுதான் குளோரைடைப் பற்றிச் சொன்னார். டாக்டரின் முகத்திலிருந்து விளையாட்டு போய்விட்டது. இந்த உப்பு ஒருமுறை உடம்புக்குப் பகையாகிவிட்டால் அந்தப் பகை தீராது, துளித் தூசும் போதும், அடுத்த தடவை கிளினிக் வரை வர முடியாமலும் போகலாம் என்றார். அக்கா அந்த அறைக்குள் இனிக் காலெடுத்து வைக்கக் கூடாது. அங்கே போட்டுக்கொண்ட சட்டையைக் கட்டித் தூரப் போட்டுவிட வேண்டும்.

எவ்வளவு தூரம் என்று டாக்டர் சொல்லவில்லை. அக்கா அதை இரண்டு பாலிதீன் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டி, மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டார்.

தும்மலுக்குக் காரணம் தெரிந்த பிறகாவது கதிரேசனின் நம்பிக்கை ஆட்டம் காணும் என்று நினைத்தேன். நான் அவரை அறியவில்லை. "மருந்துல வந்தா என்னுங்க, சகுனம் சகுனந்தான்" என்றார். "பல்லி எதுக்குக் கத்துது? பூச்சி புடிக்கத்தான. அதுக்காக நாம பலன் பாக்காம உட்டர்றமா?"

அறை பூட்டப்பட்டது. தும்மல் நின்றது. படியேறும்போது அக்கா நடுவில் நிற்பதில்லை. ஆனால் வேறு சீக்குகள் வந்தன. டீயைக் கண்ணாடிக் குச்சியால் கலக்கினார். ரசத்துக்குப் புளியைச் சொட்டுச் சொட்டாக ஊற்றிவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்பூரிலிருந்து குழல் கொண்டுவந்தவரைத் திருப்பி அனுப்பிய அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. பூட்டிய கதவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, எதையோ தைப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். கையில் ஊசி இருந்தது, நூல் இல்லை.

ஒரு நாள் சாக்கட்டியால் தரையில் ஒரு பெட்டி வரைந்திருந்தார். நான்கு பக்கமும் கண்ணாடி. முன்னால் கை நுழைக்க இரண்டு ஓட்டை, ஓட்டையில் நீளமான ரப்பர் கையுறை. காற்றை உறிஞ்சி வெளியே தள்ள ஒரு குழாய். "ஆஸ்பத்திரில கொறைமாசக் கொழந்தைய வெக்கறாங்கல்ல, அந்தப் பொட்டியாட்டம்." பக்கத்துப் பட்டறை நிதீஷ் செய்துதர ஒப்புக்கொண்டார். இன்னும் மூன்று வாரம் ஆகும் என்றார். டாக்டரிடம் போனில் கேட்டோம். வேலையை வேறொருவர் அந்தப் பெட்டிக்குள்ளேயே செய்து, அக்கா அடுத்த அறையில் மூடிய கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருப்பதானால் பார்க்கலாம் என்றார், அரைமனதாக. வேறொருவர் என்றால் அந்த வீட்டில் ஒருவர்தான்.

"என்னால ஆகாது புள்ள" என்றார் கதிரேசன். "என்ற கை உலக்கை. உன்ற பீக்கரு முட்டைத்தோடு."

"கை உங்களதுங், கண்ணு என்றது. இக்கட்ட நின்னு நாஞ் சொல்றன், அக்கட்ட நின்னு நீங்க ஊத்துங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அப்படித்தான நடக்குது?"

"வெளையாடாத. அன்னைக்கு ஆட்டோவுல உன்ற ஒதட்டப் பாத்தவன் நான். அந்த ரூமு இருக்கறவரைக்கும் உனக்கு அதுதான் நெனப்பு. பாலகோபாலு கிரைண்டர் வெக்க எடம் கேக்கறான். சாவியக் குடுத்துர்றன். பொட்டி கிட்டியெல்லாம் வேண்டாம்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பயந்து சொன்னார்.

நாள் குறித்தாகிவிட்டது. ஆனி மாதத்தின் கடைசி வெள்ளி. பாலகோபால் பன்னிரண்டு மணி ரயிலில் மகளைப் பார்க்கப் பெங்களூர் போகிறார். அதற்குள் சாவியை வாங்கிக்கொண்டால் அவருடைய ஆட்கள் அன்றைக்கே கிரைண்டர்களை இறக்கிவிடுவார்கள். தவறினால், அவர் திரும்பும்போது ஆடி பிறந்திருக்கும். ஆடியில் எங்கள் பக்கம் யாரும் சாவி கொடுப்பதுமில்லை, வாங்குவதுமில்லை. ஒரு மாதம் தள்ளிவிடும். அக்காவின் பெட்டிக்கு மூன்று வாரம் போதும்.

வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கு முடியும். பத்தரை தாண்டிவிட்டால் அது முடிகிறவரை கதிரேசன் வாசற்படி தாண்ட மாட்டார். கதிரேசன் பத்தேகாலுக்கே குளித்துத் திருநீறு பூசி, சாவியை விரலில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா கடிகாரத்தைப் பார்த்தார்.

அதை அவர் பார்த்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. நேராகப் படிக்கட்டுக்கு அடியில் வந்தார். டாக்டர் கொடுத்திருந்த இன்ஹேலரை இடுப்பிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "கையிலயே வெச்சிரு கண்ணு. நாங் கேட்டாக் குடு. கேக்காட்டியும் குடு."

"அக்கா, வேண்டாம்" என்றேன். அதற்குள் முதல் பையின் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. இரண்டாவது பையைப் பல்லால் இழுத்தார். சட்டையை வெளியே எடுக்கவில்லை. மஞ்சள் படிந்த கைமடிப்பின் நுனியை மட்டும் இழுத்து, எட்டப் பிடித்து, ஒரே ஒரு உதறு. சட்டென்று பையை முறுக்கி மூடினார்.

வாசலில் மோட்டார் கிளம்பியது. தும்மல் அதைவிடச் சத்தமாக வந்தது.

மோட்டார் அணைந்தது.

"ஒண்ணுதானா புள்ள?"

அக்காவுக்கு இரண்டாவது வந்துகொண்டிருந்தது. நாசி விரிந்தது, தோள் மேலேறியது. நான் இன்ஹேலரின் மூடியைத் திறந்துவிட்டேன். கதிரேசன் நடைக்கு வந்து நின்றார். வலது கால் செருப்பைக் கழற்றியிருந்தார். இடதுகால் செருப்பு காலிலேயே இருந்தது. விரலில் சாவி ஆடிக்கொண்டிருந்தது. அவர் மனைவியைப் பார்த்தார், மனைவியின் காலடியில் கிடந்த பாலிதீன் பையைப் பார்த்தார், சுவரில் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரைக்கு இன்னும் கொஞ்சமே இருந்தது.

"ஒண்ணுதானா?" என்று மறுபடி கேட்டார், மிக மெதுவாக.

அக்கா ஒரு கையால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மறு கையைத் தூக்கி ஒரே ஒரு விரலைக் காட்டினார்.